திடீரென்று நின்றுபோன பழைய கேம் கன்சோல்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய கன்சோல் என்றால் பெரும்பாலும் பிஎஸ்2தான் (சோனியின் பிளேஸ்டேஷன் 2). அதற்கு அடுத்தபடி எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3, அங்கங்கே கேசட் போடும் டிவி கேம். பிஎஸ்2 வெளிவந்தது 2000-ல். 2013 தொடக்கத்தோடு அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆகவே இன்று கையில் இருக்கும் எந்த பிஎஸ்2-வும் பத்து வயதைத் தாண்டியதுதான். அது ஒருநாள் திடீரென்று நின்றால் அக்கம்பக்கத்தில் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கேட்பவர்களின் பேச்சிலேயே கொடுத்து, எளிதானதிலிருந்து சிக்கலானதை நோக்கி அடுக்கியிருக்கிறோம்.

எல்லாப் பதில்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள், எதையும் சூடுபடுத்தாதீர்கள். நின்றுபோன கன்சோல்களில் பெரும்பகுதி மின்சாரம் வரும் வழியிலோ, தொடர்பு விட்ட இடத்திலோ, தூசியிலோதான் நின்றிருக்கும். மெயின் சிப் போய்விட்டது என்பது கடைசியாக வர வேண்டிய முடிவு.

1. "அண்ணா, நேத்து ராத்திரி வரைக்கும் ஆடிக்கினுதான் இருந்தோம். காலைல ஸ்விட்ச் போட்டா ஒண்ணுமே வரல. மொதல்ல இன்னா பாக்கணும்?"

ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். அதே பிளக் பாயின்டில் ஒரு மொபைல் சார்ஜரைப் போட்டு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பாயின்டில் கன்சோலைச் செருகுங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். குண்டு பிஎஸ்2-க்கும் (முதலில் வந்த தடித்த மாடல்), எஸ்சிபிஎச்-90000 வரிசை ஸ்லிம்முக்கும் (பின்னால் வந்த மெல்லிய மாடல்; எஸ்சிபிஎச் என்பது கன்சோலின் மாடல் எண்), டேப் ரெக்கார்டருக்குப் போடுகிற எட்டு வடிவ இரண்டு பின் கார்டே பொருந்தும். குண்டு மாடலில் முன்பக்க பட்டனைத் தவிர பின்பக்கம் ஒரு மெயின் ஸ்விட்ச் உண்டு. வீட்டைப் பெருக்கும்போது அது தட்டுப்பட்டு அணைந்துவிடுவது சாதாரணமாக நடப்பது.

பிறகு எல்லா வயரையும் கழற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். மின்னழுத்தம் எகிறியபோது சில பவர் சப்ளைகள் பாதுகாப்புக்காகத் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகுதான் அந்தப் பூட்டு விடும்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் உங்கள் கேஸ் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். லைட்டே வரவில்லையா, லைட் வந்து உடனே அணைகிறதா, லைட் நிற்கிறது ஆனால் படம் இல்லையா? மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

2. "லைட்டே இல்ல. அடாப்டர் போச்சா, உள்ள போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

எஸ்சிபிஎச்-70000 முதல் 79000 வரையிலான ஸ்லிம்களுக்கு வெளியே தனி அடாப்டர் உண்டு. 8.5 வோல்ட், உள் துளை பாசிட்டிவ். ஆம்பியர் மாடலைப் பொறுத்து மாறும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்புக் கம்பியை பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். 8.5-ஐ ஒட்டி வர வேண்டும். பூஜ்யம் என்றால் அடாப்டர் போய்விட்டது. எண் ஏறி இறங்கிக் குதித்தால், கேபிள் பின்னோடு சேரும் கழுத்தில் வயர் அறுந்திருக்கும். கேபிளை ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

8.5 வந்துவிட்டது என்பதற்காக அடாப்டர் நல்லது என்று எழுதிவிடாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கெப்பாசிட்டர் களைத்துப்போன அடாப்டர் சும்மா இருக்கும்போது சரியான வோல்டேஜ் காட்டும். கன்சோல் இழுக்கும்போதுதான் படுத்துவிடும். ஆகவே பாரம் கொடுத்துச் சோதியுங்கள். காரின் பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை பின்னின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இணைத்தால் ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அப்போதும் 8.3, 8.4 நின்றால் அடாப்டர் தேறியது. 8-க்குக் கீழே சரிந்தாலோ பல்பு துடித்தாலோ குற்றவாளி கிடைத்துவிட்டது. பல்பு சூடாகும், துணியின் மேல் வைக்காதீர்கள்.

அடாப்டர் நன்றாக இருந்தும் லைட் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் கன்சோலின் பவர் ஜாக். பல வருடம் இழுத்துப் பிடுங்கியதில் அதன் சால்டர் விரிந்திருக்கும். ஜாக்கிலிருந்து போர்டுக்குள் போகும் வழியில் இருக்கும் சின்ன ஃபியூஸையும், மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துப் பாருங்கள்.

குண்டு பிஎஸ்2-வில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. அடியில் ரப்பர், பிளாஸ்டிக் மூடிகளுக்குக் கீழே மாடலைப் பொறுத்து 8 அல்லது 10 ஸ்க்ரூ. திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கக்கூடும். நல்ல பவர் சப்ளையில் அது தானாக வடிந்துவிடும். செத்த பவர் சப்ளையில்தான் வடியாமல் காத்திருக்கும். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேட்டட் பிளையரால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் சில வினாடி வைத்து வடித்துவிட்டு, மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வையுங்கள். வீட்டில் சிறுவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

3. "அதே சைஸ் பின்னு இருக்கற வேற அடாப்டர் கெடக்குது. போட்டுப் பாக்கட்டா?"

வேண்டாம். வோல்டேஜும் பின்னின் பாசிட்டிவ், நெகட்டிவ் திசையும் ஒத்துப்போனால் மட்டுமே போடலாம். வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை ஸ்லிம்மில் செருகி, பிழைக்க வேண்டிய போர்டைக் கொன்றவர்கள் ஏராளம். பிஎஸ் ஒன் (முதல் பிளேஸ்டேஷனின் சின்ன மாடல்) அடாப்டர் 7.5 வோல்ட், 2 ஆம்பியர்தான். அது பிஎஸ்2 ஸ்லிம்மின் பசிக்குப் போதாது. ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், தவறில்லை. கன்சோல் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கேசட் போடும் டிவி கேம்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு உள் துளை நெகட்டிவ், வெளி உலோகம் பாசிட்டிவ். அடாப்டரின் ஸ்டிக்கரில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வளையமும் வரைந்திருக்கும். நடுப்புள்ளியோடு இணைந்த குறி கூட்டலா கழித்தலா என்று பாருங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் மீட்டர் சொல்லும்.

4. "மழைல கரண்டு போயி வந்துச்சு. 'டப்'புனு சத்தம், கருகல் வாசன. இன்னா ஆயிருக்கும்?"

பெரும்பாலும் உயரழுத்தம். மின்னல் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தெருக் கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்தால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். அதே நேரம் தெருவில் மற்ற வீடுகளிலும் டிவி, ஃபேன் ரெகுலேட்டர் போயிருந்தால் இதுதான் நடந்தது.

பவர் சப்ளையின் நுழைவாயிலில் ஒரு ஃபியூஸும், பல மாடல்களில் அதை அடுத்து நீல நிறத் தட்டு வடிவில் எம்ஓவி என்ற பாகமும் இருக்கும். வோல்டேஜ் எகிறினால் எம்ஓவி தன்னை ஷார்ட் செய்துகொண்டு ஃபியூஸை எரித்துவிடும். அது உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிற பாகம். எம்ஓவி வெடித்து, ஃபியூஸ் போய், மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் இது மிகக் குறைந்த செலவில் முடிகிற ரிப்பேர். இரண்டையும் அதே எண்ணில் மாற்றுங்கள். ஃபியூஸில் டி என்ற எழுத்து இருந்தால் மெதுவாக எரியும் வகை, எஃப் இருந்தால் உடனே எரியும் வகை. அதையும் பொருத்தியே வாங்க வேண்டும். ஃபியூஸ் இடத்தில் ஒற்றைக் கம்பி போட்டு ஓட்டுவது வீட்டுக்கே ஆபத்து.

மாற்றியதும் நேராக 230-ல் செருகாதீர்கள். சீரீஸ் லாம்ப் வழியாகக் கொடுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் வயரின் நடுவே தொடராக இணைப்பதுதான் அது. எந்த டிவி மெக்கானிக் கடையிலும் இருக்கும். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, உள்ளே ஷார்ட் இல்லை. பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் பிரிட்ஜ் டயோடோ ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரோ ஷார்ட். அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸ் போட்டுக்கொண்டே போவதில் பயனில்லை.

5. "எங்க சித்தப்பா அமெரிக்காலருந்து கொண்டுவந்தாரு. பிளக் போட்ட ஒடனே போயிடுச்சு."

அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. ஸ்டிக்கரில் 100-240 என்று இருந்தால் இங்கே தாங்கும். வெறும் 120 என்றோ 100 என்றோ இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. ஏற்கெனவே செருகிவிட்டீர்கள் என்றால் 4-ஆம் பதிலில் உள்ள அதே வழிதான். இப்படிப் போனவற்றில் கன்சோலின் மெயின் போர்டு பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதனால் குப்பையில் போட வேண்டாம்.

6. "பாடியத் தொட்டா ஜிவ்வுனு இழுக்குது. இதனாலதான் போச்சா?"

இரண்டு பின் பிளக் உள்ள பவர் சப்ளைகளில் மிகச் சிறிய கசிவு மின்சாரம் இருக்கவே செய்யும். அதுவே கன்சோலைக் கொன்றிருக்காது. ஆனால் அந்தக் கசிவோடு ஏவி கேபிளைச் செருகினால், டிவிக்கும் கன்சோலுக்கும் நடுவே பொறி பறந்து வீடியோ பகுதி போகலாம். ஏவி, எச்டிஎம்ஐ கேபிள்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஜிவ்வென்று இல்லாமல் நன்றாகவே அடித்தால் வீட்டு எர்த்திங்கைப் பார்க்க வேண்டும். நம் பக்கம் பாறை மண். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். குணமாகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கன்சோலைவிட வீட்டில் இருப்பவர்கள் முக்கியம்.

7. "செவப்பு லைட் இருக்குது. பட்டன அமுக்குனா பச்ச வந்து ஒரு செகண்டுல ஆஃப் ஆயிடுது."

பிஎஸ்2-வில் சிவப்பு என்றால் காத்திருப்பு, பச்சை என்றால் ஓட்டம். பச்சை வந்து அணைகிறது என்றால் பவர் சப்ளை கொடுக்க முயன்று, ஏதோ ஒன்று அளவுக்கு மீறி இழுப்பதால் விலகிக்கொள்கிறது. அல்லது பவர் சப்ளைக்கே தெம்பு இல்லை. ஸ்லிம்மாக இருந்தால் 2-ஆம் பதிலில் உள்ள பல்பு சோதனையை முதலில் முடியுங்கள்.

பிறகு பாரத்தைக் குறையுங்கள். கன்ட்ரோலர், மெமரி கார்டு, யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். கன்ட்ரோலர் வயர் உள்ளே நசுங்கி ஷார்ட் ஆகியிருப்பது, யுஎஸ்பி போர்ட்டின் பின்கள் வளைந்து ஒன்றையொன்று தொடுவது, இரண்டும் சகஜம். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சமீபத்தில் யாராவது திறந்து மூடியிருந்தால் பட்டை கேபிள்களையே முதலில் சந்தேகியுங்கள். குண்டு மாடலில் முன்பக்க பட்டனுக்கும் லைட்டுக்கும் போகும் பட்டை கேபிள் மிக மெல்லியது. அது நழுவினால் லைட்டே வராது, கன்சோல் செத்துவிட்டது போலவே இருக்கும்.

8. "ஏப்ரல், மே வந்தா மட்டும் அரமணி நேரத்துல நின்னுடுது சார். மழ காலத்துல நல்லா ஓடுது."

சூடுதான். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே அறையின் சூடு இன்னும் அதிகம். கன்சோல் வெளியிலிருந்து இழுப்பது அந்தக் காற்றைத்தான். அதை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். நான்கு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விட்டுத் திறந்த இடத்தில் வையுங்கள். தரைவிரிப்பு, மெத்தை, டிவி மேல் போடும் துணி எதுவும் கூடாது.

பின்பக்கக் காற்றுவாயில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வரவில்லை என்றால் ஃபேன் நின்றிருக்கிறது. விரலால் தள்ளினால் சுற்றத் தொடங்கும் ஃபேனுக்கு புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், புது ஃபேன்தான் நிரந்தரம். தூசியை ஊதி எடுக்கும்போது ஃபேனின் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமான காற்றில் கண்டபடி சுழன்றால் பேரிங் போகும். தூசி எடுத்தும் குறையவில்லை என்றால் சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டைக் கழற்றி, காய்ந்து மண்ணாகிப்போன பேஸ்டை ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்து, உளுந்து அளவு புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். முதலில் சிப்பின் மேல் பேஸ்ட் இருந்ததா, ரப்பர் மாதிரி பேட் இருந்ததா என்று பாருங்கள். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் மட்டும் வைத்தால் இடைவெளி நிரம்பாது, சிப் முன்னைவிடச் சூடாகும்.

எக்ஸ்பாக்ஸ் 360-ல் இடப்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தாலும் இதே கதைதான். அது சூடு எச்சரிக்கை, சாவுச் செய்தி இல்லை.

9. "பச்ச லைட் நிக்குது, ஃபேனும் சுத்துது, டிவில படமே இல்ல."

டிவியின் இன்புட் சரியா, மஞ்சள் பிளக் மஞ்சளில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேறொரு ஏவி கேபிள் போடுங்கள். சத்தம் வந்து படம் வரவில்லை என்றால் கன்சோல் ஓடுகிறது, கேபிளோ வீடியோ போர்ட்டோதான் பிரச்சினை. சத்தமும் இல்லை என்றால் டிஸ்க் உள்ளே சுழல்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள்.

கம்போனன்ட் கேபிளில் படம் பச்சையாகவோ நிறம் தப்பியோ வந்தால் பழுதே இல்லை. பிஎஸ்2-வின் சிஸ்டம் செட்டிங்கில் ஆர்ஜிபி தேர்வாகியிருக்கும். சாதாரண ஏவி கேபிளைப் போட்டு உள்ளே போய் மாற்றுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-ல் நான்கு சிவப்பு விளக்கும் எரிந்தால் ஏவி கேபிள் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பிஎஸ்3-யில் டிவியை மாற்றிய பிறகு படம் போனால், அணைந்த நிலையில் பவர் பட்டனைத் தொட்டு இரண்டாவது பீப் கேட்கும் வரை பிடியுங்கள். வீடியோ செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும்.

10. "கேசட் போடற டிவி கேமு. லைட் எரியுது, ஸ்கிரீன் ஒரே கலர்ல நிக்குது. ஊதி ஊதிப் பாத்தாச்சு."

ஊதுவதை நிறுத்துங்கள். எச்சிலின் ஈரம்தான் அந்தப் பின்களைக் கறுக்க வைக்கிறது. ஊதிய பிறகு ஓடுவதற்குக் காரணம் ஊதியதல்ல, கேசட்டைக் கழற்றி மறுபடி மாட்டியதுதான். காது குடையும் பட்ஸில் ஐபிஏ தொட்டு கேசட்டின் செப்புப் பட்டைகளை, பஞ்சில் கறுப்பு வராத வரை துடையுங்கள். கன்சோலின் ஸ்லாட்டுக்கு, மெல்லிய அட்டையில் துணி சுற்றி ஐபிஏ நனைத்து நாலைந்து முறை செருகி எடுங்கள்.

இதிலும் மாறவில்லை என்றால் உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைப் பாருங்கள். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடக்கால் உள்ளே வரும் வோல்டேஜ், நடுக்கால் கிரவுண்ட், வலக்கால் வெளியேறும் 5 வோல்ட். வலக்காலில் 4.8-க்கும் 5.2-க்கும் நடுவே வர வேண்டும். இடக்காலில் 9 வந்து வலக்காலில் வரவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள். கிடைப்பதும் எளிது, விலையும் மலிவு.

11. "திடீர்னு 'டிஸ்க் ரீட் எர்ரர்' வருது. லேசர் போச்சா?"

கொஞ்சம் கொஞ்சமாகத் தொல்லை கொடுத்துவிட்டு நின்றால் லேசர் களைத்துவிட்டது. ஒரே நாளில் நின்றால் முதலில் அழுக்கையும் கேபிளையும் பாருங்கள். லென்ஸை ஐபிஏ தொட்ட பட்ஸால் அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் படலமாக ஒட்டும். தின்னர், பெட்ரோல் போட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் கெட்டுவிடும். லேசர் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு, வெள்ளை கிரீஸ் துளியளவு போடுங்கள்.

பழுதைப் பிரிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பிஎஸ்2 கேம்களில் அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடி, வெள்ளியாக இருப்பவை டிவிடி. இரண்டையும் படிக்க வேறு வேறு அலைநீள ஒளி வேண்டும். நீல டிஸ்க் ஓடி வெள்ளி டிஸ்க் ஓடவில்லை, அல்லது நேர்மாறாக நடந்தால், அந்த ஒரு ஒளி மட்டும் மங்கிவிட்டது. மோட்டார், கேபிள், போர்டு எல்லாம் நலம். லேசர் யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும். இரண்டுமே ஓடவில்லை, டிஸ்க் சுழலவே இல்லை என்றால் மோட்டாரும் பட்டை கேபிளும் சந்தேகத்தில் வரும். ஆரம்ப ஸ்லிம்களில் லேசரின் பட்டை கேபிள் மேலே எழும்பி டிஸ்க்கில் உரசி வட்டக் கோடு போடும். அப்படிக் கோடு கண்டால் உடனே நிறுத்திவிட்டுக் கேபிளைப் படிய வையுங்கள், இல்லையென்றால் நல்ல டிஸ்க்கெல்லாம் பாழாகும்.

புது லேசர் வாங்கும் முன் பழையதில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படியுங்கள். குண்டு மாடல்களில் கேஎச்எஸ்-400பி, கேஎச்எஸ்-400சி, ஸ்லிம்களில் பிவிஆர்-802டபிள்யூ என்று வரும். புது யூனிட்கள் சிலவற்றில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க இரண்டு புள்ளிகளைச் சால்டரால் இணைத்திருப்பார்கள். கேபிளை மாட்டிய பிறகு அந்தச் சால்டரை எடுக்க மறந்தால் புது லேசரும் படிக்காது, கடைக்காரரோடு சண்டைதான் வரும். லேசரின் பக்கத்தில் உள்ள சின்ன திருகுப் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகிச் 'சரி' செய்வது, மிச்சமிருக்கும் ஆயுளைச் சேர்த்து எரிப்பது. லேசரைக் கைவிட்ட பிறகு செய்து பார்க்க வேண்டியது அது.

12. "கன்ட்ரோலர் ரெண்டு போர்ட்லயும் வேல செய்யல. போர்டு போச்சா?"

ஒரு கன்ட்ரோலர் மட்டும் போனால் கன்ட்ரோலர், ஒரு போர்ட் மட்டும் என்றால் பின். இரண்டு போர்ட்டும், நல்லதென்று தெரிந்த கன்ட்ரோலரில்கூட ஒரே நேரத்தில் செத்தால், போர்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வழியில் போர்டில் உள்ள சின்ன ஃபியூஸ் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அரிசி அளவுகூட இல்லாத அந்த ஃபியூஸை ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் மாற்றுவார். ஷார்ட்டான கன்ட்ரோலர்தான் அதை எரித்திருக்கும் என்பதால் அதை மறுபடி மாட்டாதீர்கள்.

பிஎஸ்2 ஒவ்வொரு முறையும் தேதியும் மொழியும் கேட்டால் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

13. "எக்ஸ்பாக்ஸ் 360-ல மூணு செவப்பு. அவ்ளோதானா?"

பொதுப் பழுது என்பதற்கு மேல் அந்த மூன்று விளக்கு ஒன்றும் சொல்லாது. சொல்ல வைக்கலாம். மூன்றும் மின்னும்போது முன்பக்கம் கன்ட்ரோலரை இணைக்கும் சின்ன சிங்க் பட்டனைப் பிடித்தபடி டிஸ்க் வெளியேற்றும் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். எரியும் விளக்குகளை எண்ணுங்கள்: ஒன்று என்றால் 1, இரண்டு என்றால் 2, மூன்று என்றால் 3, நான்கும் எரிந்தால் 0. இப்படி நான்கு முறை அழுத்தினால் நான்கு இலக்கம் கிடைக்கும். 000-வில் தொடங்கினால் பவர் பக்கம், 001-ல் தொடங்கினால் சூட்டுப் பக்கம் தேடுங்கள். 0102 வந்தால் கிராபிக்ஸ் சிப் பக்கம் தொடர்பு விட்டிருக்கிறது. ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

பவர் பக்கம் என்றால் வெளியே இருக்கும் பெரிய அடாப்டரின் விளக்கைப் பாருங்கள். ஆரஞ்சு காத்திருப்பு, பச்சை ஓட்டம், சிவப்பு பழுது. சிவப்பு வந்தால் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

14. "ஹீட் கன் வெச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே? துண்டு சுத்தி ஓட்டுனாலும் வருதாமே?"

வரும், சில நாளைக்கு. அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. துண்டு சுற்றுவது காற்றை அடைத்து உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வேக வைப்பது. தீப்பிடிக்கவும் கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-ன் மூன்று சிவப்பு விளக்குக்கு வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்கு 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பழுது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள சால்டரில் என்றுதான் வெகுநாள் எல்லோரும் நினைத்தார்கள். சூடாகிச் சூடாகி ஆறுவதில் சிப்பின் கூட்டுக்கு உள்ளே இருக்கும் இணைப்புகளே விரிசல் விட்டன என்று 2021-ல் அந்த நிறுவனத்துப் பொறியாளர்களே விளக்கினார்கள். வெளியிலிருந்து சூடு காட்டினால் அந்த விரிசல் விரிந்து தொட்டுக்கொள்ளும், ஆறி ஆறி மறுபடி பிரியும். ஈயமில்லாத சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும். அளவு பார்க்காமல் ஹீட் கன் காட்டினால் போர்டு வளையும், பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் உப்பும். அதற்கு முன் ரிப்பேருக்கு இடம் கொடுத்த போர்டு அதன்பின் யாராலும் தொட முடியாததாகிவிடும். சிப்பைச் சூடுபடுத்தி 'ரீஃப்ளோ' செய்து தருகிறேன் என்று வரும் கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

15. "பிஎஸ்3-ல பச்ச, மஞ்ச, அப்புறம் செவப்பு மின்னுது, மூணு பீப் வருது."

பலரும் உடனே சிப் என்பார்கள். முதலில் தெரிந்தவரிடம் நல்ல பவர் சப்ளை வாங்கி மாட்டிப் பாருங்கள், அது பலவீனமானாலும் இதே அறிகுறிதான். பவர் சப்ளை நலம் என்றால் குண்டு மாடல்களில் அடுத்த சந்தேகம் என்இசி டோக்கின் என்ற தட்டையான கெப்பாசிட்டர்கள். ஆட்டத்தின் நடுவே அணைவதும், சூடு காட்டினால் கொஞ்ச நேரம் ஓடுவதும் இவற்றின் குணம். ஹேர் டிரையர் வித்தை 'வேலை செய்வதற்கு' இதுவும் ஒரு காரணம். அவற்றுக்குப் பதில் டான்டலம் கெப்பாசிட்டர்கள் வைத்துச் சால்டர் செய்யலாம். பெரிய போர்டு சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் இது அனுபவப்பட்ட கை செய்ய வேண்டிய வேலை. அதன் பிறகும் மஞ்சள் வந்தால், பழைய 90 நானோமீட்டர் கிராபிக்ஸ் சிப்பில் 14-ஆம் பதிலில் உள்ள விரிசல் இருக்கலாம்.

16. "பரண்ல பத்து வருஷமா கெடந்தது. எடுத்து ஆன் பண்ணலாமா?"

நேராகச் செருகாதீர்கள். பல்லி, கரப்பான், எறும்பு மூன்றுக்கும் கன்சோலின் காற்றுவாய் வீட்டு வாசல். பல்லி பவர் சப்ளையின் இரண்டு முனைகளைத் தொட்டபடி காய்ந்து கிடந்தால் ஆன் செய்த கணமே ஷார்ட். திறந்து, பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பச்சை பூத்த இடங்களை ஐபிஏவால் துடைத்துக் காயவிட்டு, 4-ஆம் பதிலின் சீரீஸ் லாம்ப் வழியாக முதல் மின்சாரம் கொடுங்கள். மேல்புறம் உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் ஆன் செய்யும் முன்பே மாற்றுங்கள்.

2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் யாரிடமாவது இருந்தால் ஓடுகிறதோ இல்லையோ இன்றே திறந்து பாருங்கள். கடைசி 1.6 பதிப்பைத் தவிர மற்றவற்றில் கடிகாரத்துக்கான கெப்பாசிட்டர் ஒழுகிப் பக்கத்துத் தடங்களை அரித்துவிடும். அதைக் கழற்றிவிட்டாலும் கன்சோல் ஓடும், நேரம் மட்டும் நினைவிருக்காது.

17. "கடைல குடுக்கப் போறேன். இன்னா சொல்லிக் குடுக்கணும்?"

'ஓடல' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் எண், எந்த விளக்கு, எத்தனை வினாடியில் அணைகிறது, அடாப்டரில் அளந்த வோல்டேஜ், எக்ஸ்பாக்ஸ் என்றால் நான்கு இலக்கக் குறியீடு, இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நல்ல டிவி மெக்கானிக்குக்குப் பவர் சப்ளை கைவந்த வேலை. லேசர், பட்டை கேபிள் மாதிரி கன்சோலுக்கே உரிய பாகங்களுக்குக் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். பழைய யூனிட்டையும் கையோடு கொண்டுபோய் எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

இரண்டு விஷயத்தைக் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-ன் டிவிடி டிரைவ் அந்த மெயின் போர்டோடு சாவி போட்டு இணைக்கப்பட்டது. வேறு டிரைவ் மாட்டினால் கேம் படிக்காது, பழைய டிரைவின் சர்க்யூட் போர்டை அதில் மாற்றிப் பொருத்த வேண்டும். ஆகவே பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. பிஎஸ்3-யின் ஹார்டு டிஸ்க் அந்தந்தக் கன்சோலின் சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டது. போர்டை மாற்றினால் உள்ளே இருக்கும் சேவ் எதையும் படிக்க முடியாது. கன்சோல் விட்டு விட்டு ஓடுகிற நிலையில் இருந்தால், கடைக்குக் கொண்டுபோகும் முன் முதல் வேலையாக சேவ்களை ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.